மொட்டையான பிளேனர் பிளேட்: தீட்டுவதா, புதுசு வாங்குவதா, உருளையையே மாற்றுவதா?

வீட்டுப் பட்டறையில், பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் சின்ன திக்னஸ் பிளேனர் மெசின் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். வாங்கிய புதுசில் பலகை கண்ணாடி மாதிரி வந்தது. இப்போது கோடு விழுகிறது, முதிரை மரத்தில் நார் பிய்கிறது, பாதிப் பலகையில் மெசின் திணறுகிறது. கடைக்காரர் புது பிளேட் போடச் சொல்வார். வெளிநாட்டிலிருக்கும் மச்சான், பிளேட்டைத் தாங்கிச் சுழலும் உருளையையே மாற்றிவிடக் கார்பைட் உருளை அனுப்பட்டுமா என்று கேட்பார். பக்கத்து ஓடாவி (தச்சர்), இவ்வளவு செலவு எதற்கு, மரக்காலையில் (மரம் அறுத்து விற்கும் இடத்தில்) கொடுத்து இழைத்துக்கொள்ளுங்கள் என்பார். மூன்று பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் மூன்றும் ஒரே ஆளுக்குப் பொருந்தாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையோரத்தில் வீட்டோடு பட்டறை வைத்து, பழைய மரமும் புது மரமும் கலந்து இழைக்கிறவருக்கு, எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிளேட் இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தீட்டிப் பாவிப்பதுதான் நல்ல வழி. கார்பைட் உருளை நல்ல சாமான்தான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட வேலைக்காரருக்கு உரியது. அவர் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். பிழை பிளேட்டில்தான் இருக்கிறதா?

பிளேட்டைக் கழற்றும் முன்

எனக்கு இந்த வேலை பழக்கிய ஒரு முதிய ஓடாவி, பிளேனரில் எந்தக் கோளாறைச் சொன்னாலும் ஒரே பதில்தான் சொல்வார்: "கத்திய மறுகா பாப்பம் மகன், முதல்ல மெசினத் துப்புரவாக்குங்க." அவர் சொன்னது எத்தனையோ தடவை பலித்திருக்கிறது. பலகை உள்ளே போகாமல் நின்று நின்று போனால் பிளேட்டைச் சந்தேகிப்போம். பெரும்பாலும் பிழை ரோலரில் இருக்கும். இழுத்துக் கொடுக்கும் ரப்பர் ரோலரில் மரப்பாலும் தூளும் சேர்ந்து வழுவழுப்பாகிவிடும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வடிவாகத் துடைத்தால் மறுபடியும் பிடிக்கும். அங்கே மண்ணெண்ணெயும் டின்னரும் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். ரோலருக்குக் கீழே இருக்கும் மேசையிலும் கறள் பிடித்திருந்தால் பலகை ஒட்டிக்கொண்டு நிற்கும். நுண்ணிய வோட்டர் பேப்பரால் கறளைத் தேய்த்தெடுத்து, சாதாரண மெழுகுதிரியை மேசை முழுக்க உரசி, துணியால் பளபளப்பாக்கினால் போதும். சிலிக்கோன் ஸ்பிரே அடிக்க வேண்டாம். அது மரத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு வார்னிஷ் அடிக்கும்போது திட்டுத் திட்டாக விலகி நிற்கும்.

பலகையின் இரண்டு நுனியிலும் இரண்டு மூன்று அங்குல நீளத்துக்குப் பள்ளமாக இழைபடுவதும் பிளேட்டின் குற்றம் இல்லை. பலகை உள்ளே நுழையும்போது முன் ரோலர் ஒன்றுதான் அதைப் பிடிக்கிறது, வெளியே வரும்போது பின் ரோலர் மட்டும். அந்த நேரத்தில் பலகையின் மறு நுனி பாரத்தால் தொங்கினால், உருளைக்குக் கீழே உள்ள நுனி மேலே எழும்பி ஆழமாக வெட்டுப்படும். மெசினின் முன்னும் பின்னும் உள்ள நீட்டு மேசைகளின் வெளி நுனியைச் சற்று உயர்த்திவையுங்கள். நீளமான மரத்தைப் போடும்போது நுழையும் பக்கமும் வெளிவரும் பக்கமும் கையால் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள். அப்படியும் முழுவதும் போகாது. அதனால் பலகையை ஒவ்வொரு நுனியிலும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக வெட்டி வைத்து, இழைத்த பிறகு நுனியைக் கழிப்பதே எல்லோரும் செய்வது.

ஒரு ஓரம் தடித்தும் மறு ஓரம் மெலிந்தும் வந்தால் உருளையும் மேசையும் சமாந்தரமாக இல்லை என்று அர்த்தம். ஒரே கனமான இரண்டு சிலாகைத் துண்டுகளை இடது ஓரத்தில் ஒன்றும் வலது ஓரத்தில் ஒன்றுமாகச் சேர்த்து உள்ளே விட்டு, வேணியர் கலிப்பரால் அளந்தால் வித்தியாசம் தெரியும். பிளேட்டைப் புதுசாக மாற்றினாலும் இது அப்படியே இருக்கும். தூண் ஸ்க்ரூக்களை இணைக்கும் சங்கிலியையோ பற்சக்கரத்தையோ கழற்றி, ஒரு பக்கத்தை மட்டும் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது கரண்ட். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருக்கும், அதற்கு ஒரு மெல்லிய நீட்டு வயரை இழுத்துவிட்டு, அதிலேயே பிளேனரையும் தூள் உறிஞ்சியையும் கொடுத்திருப்போம். பின்னேரம் எல்லா வீட்டிலும் விளக்கும் ஃபேனும் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். மோட்டரின் சத்தம் தாழ்ந்து, பலகையில் சுருக்கம் விழும். காலையில் அதே பலகையை அதே ஆழத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது தடித்த வயரைப் போட்டுப் பாருங்கள். பிழை போய்விட்டால் பிளேட்டுக்கு வைத்திருந்த காசு மிச்சம். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் மெசின் என்றால் வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபோமர் கட்டாயம். கார்பன் பிரஷ் உள்ள மோட்டருக்கு 60 ஹேர்ட்ஸா 50 ஹேர்ட்ஸா என்பது பிரச்சினை இல்லை. பிரஷ் இல்லாத இண்டக்ஷன் மோட்டர் என்றால் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துதான் ஓடும். டிரான்ஸ்ஃபோமர் அதை மாற்றாது.

இதெல்லாம் பார்த்த பிறகும் குறை இருந்தால் பிளேட்டுக்கு வரலாம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, பிளேட்டின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, டியூப் லைட் வெளிச்சத்தில் பாருங்கள். கூரான வாயில் வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் திருப்பி அனுப்ப அங்கே முகமே இல்லை. மொட்டையான வாயில் மெல்லிய வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு மினுங்கும். பல் விழுந்த (வாய் உதிர்ந்த) இடத்தில் அந்தக் கோடு உடைந்து ஒரு புள்ளி தெரியும். மெசினுக்கு வெளியே விழுவதும் சொல்லும்: நல்ல பிளேட் சீவல் சீவலாகத் தள்ளும், மொட்டை பிளேட் தூளாகத் தள்ளும்.

பலகையில் நீளவாக்கில் எழும்பிய மெல்லிய கோடு ஒரே இடத்தில் வந்தால் அது பல் விழுந்த அடையாளம். சில மெசினில் பிளேட்டின் துளை கொஞ்சம் நீளமாக இருக்கும். அப்படியென்றால் ஒரு பிளேட்டை மட்டும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகப் பக்கத்துக்குத் தள்ளி இறுக்கினால், ஒன்றின் பல்லை மற்றது வெட்டிவிடும், கோடு போய்விடும். செலவே இல்லை. இதைச் செய்யாமல் புது செட் வாங்குவது வீண்.

வீட்டிலேயே தீட்டுவது

இதைத்தான் நான் விரும்பிச் செய்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்றரை அடி நீள மரக்கட்டை ஒன்றில், பிளேட்டின் சரிவு (வாயை ஒட்டிச் சரிவாகத் தீட்டிய முகம்) கீழே தட்டையாகப் படும் கோணத்தில், இரண்டு வாள் வெட்டு விட வேண்டும். இரண்டு பிளேட்டையும் அந்த வெட்டுகளில் செருகி, இரண்டும் ஒரே தளத்தில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு தீட்டுவோம். தனித்தனியாகத் தீட்டினால் கோணம் ஆடும், ஒன்று கூடத் தேயும். இரண்டும் சேர்ந்து போனால் ஒன்றுக்கொன்று தாங்கு. கீழே பத்து மில்லிமீற்றர் கண்ணாடித் துண்டு, அதன்மேல் தண்ணீர் தெளித்து ஒட்டிய வோட்டர் பேப்பர்: 400, 800, பிறகு 1500. காசு இருந்தால் டைமண்ட் தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், எச்.எஸ்.எஸ். இரும்பு கடினம், பேப்பரில் நேரம் எடுக்கும்.

தொடங்கும் முன் சரிவு முழுவதும் மார்க்கர் பேனையால் கறுப்படித்துவிடுங்கள். நாலு இழுப்பு இழுத்துத் திருப்பிப் பார்த்தால் எங்கே தேய்கிறது என்று அந்த மையே காட்டும். வாய்ப்பக்கம் மட்டும் மை போனால் கட்டை உயர்ந்து நிற்கிறது; பின்பக்கம் மட்டும் போனால் தாழ்ந்து நிற்கிறது. நுனியிலிருந்து நுனி வரை மை சமமாக அழியும்வரை கட்டையைத் திருத்துங்கள். பிறகுதான் தீட்டல். பின் முகத்தில் எழும்பும் மெல்லிய பிசிறை, பிளேட்டைப் படுக்கவைத்து ஓரிரு இழுப்பில் எடுத்துவிட வேண்டும். கடைசியில் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். நகைக்கடைத் தராசு வேண்டும் என்றில்லை, கிராம் காட்டும் சமையல் தராசே போதும். நிமிடத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் தடவை சுற்றும் உருளையில் எடை வித்தியாசம் அதிர்வாக மாறி, பெயரிங்கைத் தின்னும்.

இதன் எல்லை என்னவென்றால், தலைமயிர்க் கனத்துக்கு மேல் ஆழமான பல் விழுந்திருந்தால் கையால் எடுக்க முயல வேண்டாம். நாள் முழுக்கத் தேய்த்தாலும் போகாது, இடையில் வாய் வளைந்துவிடும். இன்னொன்று, இரு வாய் உள்ள மெல்லிய பிளேட்டுகள் சில மெசினில் ஊசிகளில் மாட்டிக்கொள்ளும், உயர்த்தவோ தாழ்த்தவோ வழி இல்லை. அதைத் தீட்டத் தீட்ட அகலம் குறைந்து, உருளைக்கு வெளியே நீட்டி நிற்கும் அளவும் குறையும். அப்படிப்பட்ட பிளேட்டை லேசாக இரண்டு மூன்று தடவைதான் தீட்டலாம். ஸ்க்ரூவாலோ ஸ்பிரிங்காலோ உயரம் வைக்கும் மெசின் என்றால் நீண்ட காலம் தீட்டலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் உயரம் வைக்கும் வேலை இருக்கிறது. எல்லா பிளேட்டும் 0.05 மில்லிமீற்றருக்குள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உயர்ந்தது ஒன்றே எல்லா வேலையையும் செய்யும்.

அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மக்கீட்டா 2012என்பி மாதிரி பன்னிரண்டு அங்குல மெசினில் இரண்டு பிளேட், நிமிடத்துக்கு 8,500 சுற்று, பலகை நகர்வது நிமிடத்துக்கு 8.5 மீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றர் பலகைக்கு இரண்டு வெட்டு. ஒரு பிளேட் தாழ்ந்து நின்றால் அது ஒரே வெட்டாகிவிடும். வெட்டுக்கு வெட்டு இடைவெளி இரட்டிப்பாகி, பலகையில் குறுக்கே சின்னச் சின்ன அலை தெரியும். வார்னிஷ் அடித்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தால் அந்த அலை இன்னும் பச்சையாகத் தெரியும்.

சாணைக்குக் கொடுப்பது

ஆணியில் பட்டுப் பெரிய பல் விழுந்துவிட்டால் இதுதான் வழி. ஆனால் யாரிடம் கொடுக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. வெட்டுக்கத்தி, கோடாலி தீட்டும் சாணைச் சக்கரத்தில் பிளேனர் பிளேட்டைக் கையால் பிடித்து ஓட்டவே கூடாது. ஒரு அடி நீளத்துக்கு வாய் நேராக வர அந்தச் சக்கரத்தில் வழியில்லை. பிளேட்டைக் காந்த மேசையில் படுக்கவைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே தீட்டும் சேர்ஃபஸ் கிரைண்டரோ, நீளக் கத்தி தீட்டும் மெசினோ வேண்டும். பெரிய பிளேனர் ஓடும் மரக்காலைகளில் கேளுங்கள். அவர்களும் தங்கள் பிளேட்டை எங்காவது தீட்டித்தானே ஆக வேண்டும். அந்த இடத்தைச் சொல்வார்கள். சில வேளை அவர்களே ஒரு செட்டைச் சேர்த்துத் தீட்டித் தருவார்கள். மரவேலைக்குப் பேர்போன மொறட்டுவைப் பக்கம் யாராவது போனால் கொடுத்துவிடுவதும் உண்டு. அப்படியானால் பிளேட் திரும்பும்வரை மெசின் சும்மா கிடக்கும். கைவசம் இன்னொரு செட் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். செட் முழுவதையும் ஒன்றாக, ஒரே அளவு தீட்ட வேண்டும். இருக்கும் கோணத்தை மாற்றக் கூடாது. சூடாக்கி நீலம் பாயவிடக் கூடாது. எச்.எஸ்.எஸ். சூட்டைத் தாங்கும் இரும்புதான், ஆனாலும் தண்ணீரில்லாமல் அழுத்தித் தீட்டினால் வாயில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து, பிறகு உதிரும். திரும்பி வந்ததும் ஒரு நேரான இரும்புச் சட்டத்தில் வாயை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

புது செட் வாங்குவது

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மிக இலகு, நேரம் மிச்சம், உடனே வேலை. ஆனால் எல்லாம் இறக்குமதிச் சாமான். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, நேற்று வாங்கிய பிளேட்டை இன்று அந்த விலைக்கு வாங்க முடியாமல் போனது இன்னும் எல்லோருக்கும் நினைவிருக்கும். விலை அதற்குப் பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. அதனால்தான் இங்கே ரூபாய்க் கணக்கு எதுவும் எழுதவில்லை. நீங்கள் வாசிக்கும் நாளில் அது பிழையாகிவிடும்.

கவனிக்க வேண்டியது, உங்கள் மெசின் மொடலின் இலக்கத்தை எழுதிக்கொண்டு போவது. நீளம் ஒன்றாக இருந்தாலும் அகலம், கனம், துளைகளின் தூரம் மாறும். பெயர் தெரியாத மலிவு பிளேட் சில, எச்.எஸ்.எஸ். என்று அச்சடித்திருந்தாலும், இரண்டு முதிரைப் பலகைக்கே வாய் போய்விடும். முதல் தடவை ஒரு செட் மட்டும் வாங்கிப் பாவித்துப் பார்த்து, திருப்தியானால் இரண்டாவதை வாங்குங்கள்.

கார்பைட் உருளை

நேர் பிளேட் பூட்டும் உருளையைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்பைவிடக் கடினமான கார்பைட்டில் செய்த சின்னச் சின்னச் சதுரத் துண்டுகள் சுருளாகப் பதித்த உருளையைப் பூட்டுவது. ஒவ்வொரு துண்டுக்கும் நாலு வாய். ஒன்று மொட்டையானால் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கால் சுற்றுத் திருப்பினால் அடுத்த புது வாய். ஆணியில் பட்டால் ஒன்றிரண்டு துண்டுதான் உடையும், அதை மட்டும் மாற்றலாம். சத்தமும் நன்றாகக் குறையும். ஊர் நெருங்கிய காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற இடத்தில் மதில் தாண்டி அடுத்த வீட்டில் குழந்தை தூங்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

இதன் உண்மையான பலம் முதிரையில்தான் தெரியும். முதிரையின் நார் ஒரு பட்டை இந்தப் பக்கமும் அடுத்த பட்டை எதிர்ப்பக்கமுமாகச் சாய்ந்து வளர்வது. அந்த மினுமினுப்பான வரி அழகுக்குக் காரணமே அதுதான். நேர் பிளேட்டால் இழைத்தால் ஒரு பட்டை பட்டு மாதிரி வரும், பக்கத்துப் பட்டை பிய்ந்து குழி குழியாகும். பலகையைத் திருப்பிப் போட்டால் குழி இடம் மாறும், அவ்வளவுதான். வாய்கள் சரிந்து நிற்கும் உருளை சிறு சிறு வெட்டாகச் சீவுவதால் பிய்தல் வெகுவாகக் குறையும். பாலைக்கும் இது பொருந்தும். தேக்கிலும் தென்னையிலும் வேறு காரணம் இருக்கிறது. இரண்டிலும் மணல் தன்மையான சிலிக்கா இருப்பதால் சாதாரண இரும்பு வாயை விரைவில் தின்றுவிடும். கார்பைட் பல மடங்கு தாங்கும்.

இனி மறுபக்கம். பல மெசின்களுக்கு இந்த உருளையின் விலை மெசின் விலையில் பாதியைத் தாண்டும். எல்லா மொடலுக்கும் கிடைக்காது. பூட்டுவதற்குப் பெயரிங்கை இழுத்தெடுக்க வேண்டும், பக்கத்துப் பற்சக்கரப் பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும். துண்டுகளைத் திருப்பும்போது அடியில் ஒரு துளி மரத்தூள் சிக்கினாலும் அந்தத் துண்டு மயிரளவு உயர்ந்து, பலகை முழுக்க ஒரு பள்ளக் கோடு இழுக்கும். பல பத்துத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒரே இறுக்கத்தில் பூட்டப் பொறுமை வேண்டும். முக்கியமாக, இந்த உருளை மோட்டரிடம் அதிக பலம் கேட்கும். அகலப் பலகையில் முன்பு எடுத்த ஆழத்தை எடுக்க முடியாது. வோல்டேஜ் இறங்கும் வீட்டில், சிறிய பிரஷ் மோட்டர் மெசினில் இதைப் பூட்டினால் மெசின் முன்பைவிடத் திணறும்.

ஆகவே இது யாருக்கு? முதிரை, பாலை, தேக்கு என்று புது மரத்தில் தளபாடம் செய்து விற்கிறவருக்கு, கிழமையில் பல நாள் மெசின் ஓடுகிறவருக்கு, கரண்ட் ஒழுங்காக வரும் இடத்தில் இருப்பவருக்கு. அவருக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். மகாகனியிலும் வேம்பிலும் மாதம் ஒரு கதவோ ஒரு மேசையோ செய்கிறவர் அந்தக் காசில் நல்ல மரம் வாங்கலாம்.

உருளை வாங்காமலே முதிரையைச் சமாளிக்கச் சில வழி உண்டு. புதுசாகத் தீட்டிய பிளேட்டை முதலில் முதிரைக்கே கொடுங்கள், மொட்டை விழத் தொடங்கிய பிறகு வேம்புக்கு மாறுங்கள். கடைசி இரண்டு மூன்று ஓட்டத்தில் அரை மில்லிமீற்றருக்கும் குறைவாக எடுங்கள். கடைசி ஓட்டத்துக்குச் சற்று முன் ஈரத்துணியால் மேற்பரப்பை லேசாகத் துடைத்தால் நார் இளகி, பிய்தல் குறையும். பலகை ஒடுக்கமாக இருந்தால் சற்றுச் சரித்து உள்ளே விடலாம். பிளேட்டின் தட்டை முகத்தில், வாயோடு ஒட்டி, மயிரளவு அகலத்தில் ஒரு எதிர்ச் சரிவு தீட்டினால் வெட்டும் கோணம் நிமிர்ந்து சுரண்டுவது மாதிரி வேலை செய்யும். பிய்தல் குறையும், ஆனால் மோட்டருக்குப் பாரம் கூடும். இதற்கென்று தனியாக ஒரு பழைய செட்டை வைத்துக்கொள்ளலாம்.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொண்டுவரும். முகமூடியும் நீளக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் கழுவிக்கொள்ளுங்கள். சட்டைக்கை தொங்காமல் மணிக்கட்டில் இறுக்கமாக இருக்கட்டும்.

மரக்காலையில் கொடுப்பது

அகலமான பலகை, நிறையப் பலகை என்றால் இதற்கு ஈடு இல்லை. மூன்று பேஸ் மோட்டரில் ஓடும் பெரிய பிளேனருக்கு நம் வீட்டு மெசின் நாள் முழுக்கச் செய்வது சின்ன வேலை. ஆனால் அங்கே பலரும் எடுப்பது முரட்டு இழைப்புத்தான், மில்லிமீற்றர் கணக்குப் பார்க்க மாட்டார்கள். ஆணி இருக்கும் பழைய மரத்தைத் தொடவும் மாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. முதிரை மாதிரி மரத்தை வண்டியில் ஏற்றினால் பெர்மிட்டும் கையில் இருக்க வேண்டும். இல்லாமல் வீதியில் மறித்தால் மரமும் போகும், வழக்கும் வரும். நான் சொல்வது, கதவு நிலை மாதிரிப் பெரிய வேலை வரும்போது முதல் இழைப்பை மரக்காலையில் எடுத்துக்கொண்டு, கடைசி இரண்டு மில்லிமீற்றரை வீட்டில் எடுக்கலாம். வீட்டு பிளேட்டின் ஆயுளும் கூடும்.

பழைய மரம்தான் தீர்மானிக்கிறது

நான் இரண்டு செட் பிளேட்டின் பக்கம் நிற்பதற்கு முக்கிய காரணம், இங்கே வீட்டுப் பட்டறைக்கு வரும் மரத்தில் பெரும்பகுதி உடைத்த வீட்டு மரம் என்பதுதான். பழைய வளை, கைமரம், சிலாகை, கதவு நிலை. நல்ல முதிரையும் பாலையும் இன்று மலிவாகக் கிடைப்பது அதில்தான். அதோடு ஆணியும் மணலும் சேர்ந்தே வரும். ஆணியை எல்லோரும் தேடுவோம், மணலை மறந்துவிடுவோம். நம் முற்றமெல்லாம் கடற்கரை மணல். பலகையை இழுத்துக்கொண்டு வரும்போது அதன் நுனிவெட்டில், திறந்த நாரின் துளைகளுக்குள் மணல் குத்தி ஏறியிருக்கும். தட்டினால் விழாது. ஒரு நுனியை வெயிலில் பிடித்துப் பார்த்தால் பளிங்குப் பொடி தூவியது போல மினுங்கும். பிளேட் முதலில் சந்திப்பது அந்த நுனியைத்தான்.

அதனால் பழைய மரம் எதுவானாலும் முதலில் இரு நுனியிலும் அரை அங்குலம் வெட்டிக் கழியுங்கள். நாலு முகத்தையும் கம்பித் தூரிகையால் நாரோடு சேர்த்துத் தேயுங்கள். ஆணிக்குச் சின்ன மெட்டல் டிடெக்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிப் பலகைக்கு மேல் மெதுவாக ஓட்டுங்கள். தலை உடைந்து உள்ளே புதைந்த இரும்பாணி மேலாக இருந்தால் காந்தம் அந்த இடத்தில் சாயும். பித்தளை ஸ்க்ரூவை அது காட்டாது, பச்சைக் கறை தெரிகிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். இவ்வளவு செய்தும் எப்போதாவது ஒரு ஆணி தப்பும். அந்த நாளில் மெசினில் பூட்டியிருப்பது தேய்ந்த, பழைய எச்.எஸ்.எஸ். செட்டாக இருந்தால் மனம் நோகாது. கூரான செட் பெட்டியில் இருக்கும். மரம் துப்புரவாகி, கடைசி ஓட்டம் வரும்போது அதைப் பூட்டுங்கள்.

பூட்டும்போது பிளக் சுவரில் இல்லை என்று மறுபடியும் பாருங்கள். தடித்த தோல் கையுறை போடுங்கள். உருளையில் பிளேட் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, ஸ்க்ரூக்களை ஒரேயடியாக இறுக்காமல் இரண்டு சுற்றாக இறுக்குங்கள். உருளையைக் கட்டையால் தள்ளி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கும் தட்டவில்லை என்று பார்த்து, மூடியைப் பூட்டிய பிறகே கரண்ட். முதல் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, பலகை வரும் வழிக்கு நேரே நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.

பெட்டியில் இருக்கும் செட்டுக்கும் கவனிப்பு வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பயமில்லை. மாரி தொடங்கி, வாடைக் காற்றோடு கடல் உப்பும் வாவி ஈரமும் பட்டறைக்குள் வரும்போது, துடைக்காமல் வைத்த பிளேட்டில் இரண்டே நாளில் கறள் புள்ளி விழும். வாயில் விழுந்த கறள் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பல்தான். தையல் மெசின் எண்ணெய் பூசி, எண்ணெய்த் தாளில் தனித்தனியாகச் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். மெசினில் இருக்கும் செட்டுக்கும் மாரியில் கிழமைக்கு ஒருதரம் எண்ணெய்த் துணி காட்டுங்கள், இழைக்கும் முன் அதைத் துடைத்துவிட்டு, ஒரு கழிவுப் பலகையை முதலில் ஓட்டுங்கள்.